செட்டியார் கடைக் கிரீஸ்

ஒரே மகள் தகப்பன்மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு என்ன விலை போடலாம்? மலேசியாவின் தம்பின் கடைத்தெரு நிலவரப்படி நூற்று முப்பத்தொன்பது ரிங்கிட். ஒரு சனிக்கிழமை காலை வள்ளியப்பன் அந்தத் தொகையைத் தன் கையாலேயே வாங்கிக் கல்லாவில் போட்டார். கல்லாவை மூடிய பிறகுதான் தான் விற்ற சரக்கு என்ன என்று அவருக்கு உறைத்தது.

வாங்கியவர் அவருடைய சம்பந்தி எட்வர்ட்.

வள்ளியப்பன் கடையில் தூண்டில் சாமான் தவிர வேறெதுவும் கிடைக்காது. தாத்தா சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்தார். அப்பா அதைத் துணிக்கடை ஆக்கினார். பேரன் வள்ளியப்பனோ, பங்காளிகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, தம்பினில் தூண்டில் கடை போட்டார். மீன் பிடிக்கிறவனைப் போல நல்ல வாடிக்கை உலகத்தில் கிடையாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மீன் கிடைத்தால் தன் சாமர்த்தியம் என்பான். கிடைக்காவிட்டால் சாமான் சரியில்லை என்று புதிதாக ஒன்று வாங்க வருவான். எப்படிப் பார்த்தாலும் கடைக்கு லாபம். அவர் மட்டும் ஒரு நாளும் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோரம் உட்கார்ந்ததில்லை. கேட்டால், புடவைக் கடைக்காரன் புடவையா கட்டிக்கொள்கிறான் என்பார்.

அந்தக் கடைக்கு ஒரு பெயர் உண்டு. லிங்கியிலிருந்து ரெம்பாவ் வரைக்கும் தோட்டத்து ஆட்கள், கம்பத்து மலாய்க்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போடும் வாத்தியார்கள், யாராக இருந்தாலும் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் வாங்குவது இங்கேதான். காரணம், கிரீஸ். விற்ற ரீலை அப்படியே கொடுத்தனுப்பமாட்டார் வள்ளியப்பன். மேசைமேல் வைத்துத் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே மஞ்சள் மெழுகுபோலக் கெட்டியான கிரீஸை விரலால் வழித்து அப்பி மூடித்தான் கொடுப்பார். போர்ட்டிக்சன் கடலில் முங்கினாலும் அந்த ரீலுக்குள் உப்பு போகாது. "செட்டியார் கடைக் கிரீஸ்" என்றால் அது ஒரு முத்திரை. காசும் வாங்குவதில்லை. அதனால்தான் அடுத்த கடையில் ஐந்து ரிங்கிட் குறைவாகக் கிடைத்தாலும் ஜனம் இங்கே வந்தது.

எட்வர்ட் வந்த அன்றைக்குக் கடை திறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். குரல் இன்னும் லோரிக்குள்ளேயே இருந்தது.

"தவுக்கே! முதலாளி! முதல் போணி நம்ம கைதான்! ராசியான கை சம்பந்தி, இன்னைக்குப் பாருங்க வியாபாரத்த!"

வள்ளியப்பனுக்கு எரிச்சலாக வந்தது. எட்வர்ட் சிரித்தாலே அவருக்கு அப்படித்தான். தன் மகள் நிவேதிதா இந்த மனிதரின் மகன் ராய்ஸ்டனைக் கட்டிக்கொண்டு பின்லாந்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மதம், சாதி, நாடு என்று வள்ளியப்பன் பேரம் பேசிப் பேசி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டார். விட்டுக்கொடுக்க முடியாமல் தொண்டையில் நின்றது ஒன்றே ஒன்று: மகள் எட்வர்டை "டாடி" என்று கூப்பிடுகிற விதம். அவள் தன்னை "அப்பச்சி" என்றுதான் கூப்பிடுகிறாள், பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் அந்த "டாடி"யில் ஒரு துள்ளல் இருந்தது. "அப்பச்சி"யில் மரியாதை இருந்தது. மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"வாங்க சம்பந்தி. இந்த வாட்டி என்னா, இறாலுக்கா? ஊடாங் காலா, அந்தப் பெரிய இறாலு, நல்லா ஓடுதாமே லிங்கி ஆத்துல."

"இறாலா? இறால விடுங்க லா. ஐஸ் மேல உக்காந்து மீன் புடிக்கப் போறேன் நான்!" எட்வர்ட் கைத்தொலைபேசியை நீட்டினார். "பிள்ள நேத்து ராத்திரி அனுப்பிச்சிருக்கு. பாருங்க, பாருங்க."

படத்தில் வெள்ளை வெளேரென்று உறைந்த ஏரி. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துளை. துளைக்கு முன்னால் முக்காலியில் ஒரு வெள்ளைக்காரர், கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டித் தூண்டில். கீழே நிவேதிதா எழுதியிருந்தாள்:

"டாடி, பிப்ரவரியில நீங்க எல்லாரும் வரும்போது எங்க ஆபீஸ்ல ஐஸ் மீன் போட்டி. ரெண்டு பேர் ஒரு டீம். நீங்க என் பார்ட்னரா வரீங்களா? இங்க சாமான் விலை கண்ணைக் குத்துது. என்ன ராட், என்ன ரீல் நல்லா இருக்கும்னு நீங்களே பாத்து அங்கேயே வாங்கிட்டு வாங்க."

வள்ளியப்பன் இரண்டு தடவை படித்தார். கடைக்காரர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். கூரையிலிருந்து தரை வரை இருநூறு தூண்டில்கள் தொங்குகின்றன. அந்தத் தூண்டில்களுக்கு நடுவில் தொட்டில் கட்டித் தூங்கிய பெண், எந்தத் தூண்டில் நல்லது என்று லோரி டிரைவரிடம் கேட்டிருக்கிறாள்.

"கேட்டாளா," என்றார். தொலைபேசியைத் திருப்பி நீட்டினார்.

"கேட்டிச்சு! சரி, எடுங்க. ஐஸுக்கு எது நல்லாருக்கும்?"

இந்த இடத்தில் வேறு ஒருவராக இருந்தால் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் முதல் போணியைத் திருப்பி அனுப்புவது வள்ளியப்பனின் மூன்று தலைமுறை ரத்தத்தில் கிடையாது. சரி, விற்போம், ஆனால் எதை விற்பது என்பது என் கையில்தானே இருக்கிறது என்று மனசு சொன்னது. அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மூலையில் நான்கு வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தைத் தூண்டிலை எடுத்தார். சிவப்பு நிறம். கைப்பிடியில் ஒரு வாத்து சிரித்துக்கொண்டிருந்தது. நுனி, மூச்சு விட்டாலே வளைந்தது.

"இதான் ஐஸ் சைஸு. படத்துல இருக்கிறது இதே நீளம்."

"வாத்து போட்டிருக்கு சம்பந்தி."

"பின்லாந்துல வாத்துன்னா ராசி."

எட்வர்ட் அதை அப்படியே நம்பினார். அதுதான் அவரிடம் வள்ளியப்பனுக்கு ஆகவே ஆகாத குணம். ஏமாற்றினாலும் ஏமாந்த மாதிரியே தெரியாது. அடுத்து, கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன ரீல் வெளியே வந்தது. பெட்டி நசுங்கி, போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துச் சரக்கு.

"ரெண்டும் சேத்து நூத்தித் தொண்ணூறு."

"சம்பந்திகிட்டயேவா! நூறு."

"சம்பந்திங்கிறதாலதான் இந்த விலை. வெளியாளுன்னா இருநூத்தி இருவது."

"ஏன், வாத்துக்குத் தீனி போட்டு வளத்தீங்களா? நூத்திப் பத்து."

"நூத்தி எழுவது. உங்க மருமக முகத்துக்காக."

"மருமக முகத்துக்கு இருவதுதானா தவுக்கே? அதுகிட்ட சொல்லிருவேன்! நூத்தி இருவது, என் பொஞ்சாதி மரியகொரெட்டி சுட்ட பிஸ்கட் ஒரு டின்னு தரேன்."

இப்படி ஏறி இறங்கி நூற்று முப்பத்தொன்பதில் வந்து நின்றது. விற்காது என்று முடிவு கட்டிய சரக்குக்கு அது அநியாயமான நல்ல விலை. வேறு எந்த நாளாக இருந்தாலும் வள்ளியப்பன் உள்ளுக்குள் ஒரு பாட்டாவது பாடியிருப்பார்.

"ரீல இங்கயே வச்சிட்டுப் போறேன்," என்றார் எட்வர்ட் வாசலில் நின்று. "வழக்கமா போடுற கிரீஸ் போட்டு வைங்க. நல்லா அள்ளிப் போடுங்க சம்பந்தி, எனக்குன்னு கொஞ்சம் கூட. ஐஸுல்ல!"

"போட்டுர்றேன்."

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய மனைவி சிட்டாள் தட்டையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள்.

"வயிறு எரியுதா?"

"ம்."

"கேஸ்ட்ரிக்கா, எட்வர்ட் அண்ணனா?"

அவர் மகளுக்கு வீடியோ கால் போட்டார். பின்லாந்தில் அப்போதுதான் காலை. நிவேதிதா போர்வைக்குள் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டும் பனியும்.

"அப்பச்சி! சாப்டீங்களா?"

"அது கெடக்கட்டும். தூண்டில் கடைக்காரன் மக, தூண்டில் எதுன்னு ஊரெல்லாம் போயி கேக்குறியாமே?"

"ஐயோ. டாடி சொல்லிட்டாங்களா?"

"கடைத்தெருவுக்கே சொல்லிட்டாரு. லோரி ஹாரன் மாதிரி."

"அப்பச்சி, நீங்க மீன் புடிச்சதே இல்லையே. டாடி வாரா வாரம் போறாங்க. போட்டிக்கு ஆளு வேணும்ல?"

"அங்க ஐஸ்ல துளை போட்டு உக்காருறதுக்கு என்னா பெரிய அனுபவம்? அவரு லிங்கியில ஐஸா பாத்தாரு? சாமான்தான் மீன் புடிக்குது. சாமான் என்கிட்ட இருக்கு." குரல் கொஞ்சம் இறங்கியது. "நானும் வரேன்ல. நான் எங்க உக்காருறது?"

நிவேதிதா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கரையில்தான், ஆத்தா சிட்டாளோடும் மரியகொரெட்டி அத்தையோடும் காப்பி பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டு, என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவளும் அதே கடையில் வளர்ந்தவள்.

"சரி. பேரம்," என்றாள். "நீங்க ஒரு ரீலு எடுங்க. டாடி ஒண்ணு எடுத்துட்டாங்க. நம்ம உம்பான் பெட்டி இருக்குல்ல, தூண்டில் இரைக்கு ஐஸ் இறால் வைக்கிறது, அது மைனஸ் பதினெட்டு. எங்க ஏரியும் கிட்டத்தட்ட அதான். அடுத்த சனிக்கிழமை கடை சாத்தும்போது ரெண்டு ரீலையும் அதுல வைங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு முன்னால வெளிய எடுத்துச் சுத்துங்க. எது நல்லா சுத்துதோ அவங்க என் பார்ட்னர். ராடு எப்படின்னும் நான் பாப்பேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது, அழக்கூடாது."

"யாரு அழுறா?"

"உங்களுக்குச் சொல்லல அப்பச்சி. பொதுவா சொன்னேன்."

அடுத்த நாள் சாயங்காலம் கடையின் பின்கட்டில் வள்ளியப்பன் செய்த காரியத்துக்கு ஒரே ஒரு சாட்சி. சிட்டாள் தேநீர் கொண்டுவந்தவள் மண்ணெண்ணெய் நாற்றத்தில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேசையில் இரண்டு ரீல்கள் பிரித்துப் போட்டிருந்தன. ஒன்று கடையிலேயே விலை கூடின ஜப்பான் ரீல்; வள்ளியப்பன் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதற்குள் கிரீஸை ஒரு சுற்று அப்பி, அதன்மேல் இன்னொரு சுற்று அப்பி, கல்யாண வீட்டுச் சந்தனம்போல வழிய வழிய மூடினார். மற்றது எட்வர்டுடையது. அதை ஒரு கோப்பை மண்ணெண்ணெயில் முக்கி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, தொழிற்சாலையில் போட்டனுப்பிய கிரீஸைக்கூட ஒட்டுமொத்தமாகக் கழுவி எடுத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். பற்சக்கரங்கள் எலும்புபோலப் பளபளத்தன. முழுக்க உலர விட்டால் சம்பந்திக்குச் சந்தேகம் வரும் என்று தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். ஒரே சொட்டு. அதற்கும் கை கூசியது.

அவர் கணக்கு சுலபமானது. இந்த ஊரில் ரீலைக் கொல்வது உப்பும் ஈரமும். காப்பாற்றுவது கிரீஸ். கடலில் காப்பாற்றுவது ஐஸில் காப்பாற்றாதா? கிரீஸ் இல்லாத ரீல் உம்பான் பெட்டிக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் இறாலோடு இறாலாக விறைத்துப்போகும். முப்பத்தொரு டிகிரி வெயிலில் பிறந்து, வளர்ந்து, வியாபாரம் செய்த மனிதர் வேறு எப்படி நினைப்பார்?

"அது யாரோட ரீலு?" என்றாள் சிட்டாள்.

"வாடிக்கைக்காரரோடது."

"வாத்துக்கார வாடிக்கையா?"

அவர் திருகாணியை முடுக்கினார். சிட்டாள் தேநீரை வைத்துவிட்டு, "மண்ணெண்ணக் கையோட டம்ளரத் தொடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளும் காரைக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பெண். எந்தச் சரக்கை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று தெரிந்தவள்.

சனிக்கிழமை கடை சாத்தும் நேரத்துக்கு எட்வர்ட் வந்து நின்றார். இரண்டு ரீல்களும் ஐஸ் இறால் பொட்டலங்களுக்கு நடுவில் போய்ப் படுத்தன.

"என்னோடதுக்குக் கிரீஸ் போட்டீங்கல்ல?"

"போடாம? ஊருக்கே போடுறேன், உங்களுக்குப் போடமாட்டேனா?"

சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினார். அந்த மூடிச் சத்தம் ஞாயிற்றுக்கிழமை வரை அவர் காதில் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சத்தமாக ஒரு படம் கண்ணில் ஓடியது: வெள்ளை ஏரி, ஒரு துளை, துளைக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அவர். கரையில் எட்வர்ட், பிளாஸ்க்கோடு.

ஞாயிறு மூன்று மணிக்கு எட்வர்ட் மாதா கோயிலுக்குப் போட்டுப்போன சட்டையோடு, பிஸ்கட் டின்னோடு வந்தார். தொலைபேசியைத் தக்கைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தார்கள். திரையில் நிவேதிதா கம்பளித் தொப்பியோடு சிரித்தாள்.

"மொதல்ல ராட். அப்பச்சி, உங்களோடத நுனியில விரலால அழுத்துங்க."

வள்ளியப்பன் கொண்டுவந்தது படகிலிருந்து போடும் குட்டைத் தூண்டில். கார்பன். கடையிலேயே விலை கூடியது. அவருக்கு விலைதான் தரம். விரலால் அழுத்தினார். இரும்புக் கம்பிபோல நின்றது.

"இத வளைக்க ஒரு முதலை வரணும் அப்பச்சி! எங்க ஏரி மீனு உள்ளங்கை சைஸு. அது வந்து தொட்டுட்டுப் போனாலே உங்களுக்குத் தெரியாது. டாடி?"

எட்வர்ட் வாத்துத் தூண்டிலின் நுனியில் ஒரு பிஸ்கட்டைத் தொங்கவிட்டார். நுனி தலை குனிந்து வணக்கம் சொன்னது.

"ஐயோ, சூப்பர்! இதே மாதிரிதான் இங்க எல்லாரும் வச்சிருக்காங்க. யாரு செலக்ட் பண்ணது?"

"உங்க அப்பச்சிதான்! எனக்கென்ன தெரியும்?" என்றார் எட்வர்ட்.

வள்ளியப்பனுக்கு முதல் அடி அங்கே விழுந்தது. பரவாயில்லை, ரீல் இருக்கிறது என்று உம்பான் பெட்டியைத் திறந்தார். வெண்புகை எழுந்தது. தன் ஜப்பான் ரீலை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றினார்.

சுற்றவில்லை.

சற்று அழுத்தினார். கைப்பிடி கால் சுற்று நகர்ந்து, புதைசேற்றில் மாட்டிய லோரிச் சக்கரம்போல நின்றது. விட்டார், அது மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. இரண்டு கையாலும் திருகினார். நெற்றியில் வியர்வை, விரலில் ஐஸ். உள்ளே, சந்தனம்போல வழிந்த கிரீஸ் அத்தனையும் மெழுகுக் கட்டியாக உறைந்து உட்கார்ந்திருந்தது.

"அப்பச்சி, கை ஒட்டிக்கப் போவுது, விடுங்க! டாடி, நீங்க?"

எட்வர்ட் தயங்கித் தயங்கி எடுத்தார். சம்பந்தி சாமானே இப்படியென்றால் தன்னுடையது என்ன ஆகுமோ என்று முகத்தில் தெரிந்தது. ஒரு விரலால் தட்டினார். சர்ரென்று ஒரு சத்தம். ரீல் பம்பரம்போலச் சுற்றியது. விரலை எடுத்த பிறகும் சுற்றியது. எட்வர்ட் வாயைத் திறந்தபடி அதையே பார்த்தார். வள்ளியப்பன் பார்க்கவே இல்லை. காதுக்கு மூடி கிடையாதே.

"டாடிதான் என் பார்ட்னர்!" என்று கத்தினாள் நிவேதிதா. பிறகு சட்டென்று நிறுத்தினாள். "இருங்க. டாடி, அதுல கிரீஸ் இல்லையா?"

எட்வர்ட் ரீலை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். "மண்ணெண்ண வாசம் அடிக்குது பிள்ள."

"அய்யோ! இங்க கடையில அதத்தான் சொன்னாங்க. பழைய கிரீஸ முழுக்கக் கழுவிட்டு மெல்லிசு எண்ணெ ஒரு சொட்டு விடணும், இல்லாட்டி குளிருல ஒறஞ்சிரும்னு. உங்ககிட்ட சொல்ல மறந்தே போச்சு எனக்கு." திரை கிட்டத்தில் வந்தது. "அப்பச்சி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வள்ளியப்பன் உம்பான் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

எட்வர்டுக்கு மெல்ல மெல்ல ஒரு விஷயம் விளங்கியது, தப்பாக விளங்கியது. பெரிய முகம் சுருங்கி, கண் கலங்கியது. "கிரீஸ் போட்டேன்னு என்கிட்ட பொய் சொன்னீங்களே சம்பந்தி. எனக்காகக் கழுவி வச்சிட்டு… உங்களோடதுல வேணும்னே அப்பிக்கிட்டு… நான் ஜெயிக்கணும்னு…"

"அப்பச்சி!" நிவேதிதாவின் மூக்கு சிவந்திருந்தது. "ராட்டும் நல்லத டாடிக்குக் குடுத்துட்டு, நீங்க அந்தக் கம்பிய எடுத்துட்டு வந்தீங்களா? அன்னைக்கு அவ்ளோ சண்ட போட்டீங்க என்கிட்ட. ஏன் அப்பச்சி இப்படி இருக்கீங்க? யாருக்கும் தெரியாம விட்டுக் குடுத்துட்டு…"

குரல் உடைந்தது. அந்த "அப்பச்சி"யில் மரியாதை கொஞ்சமும் இல்லை. துள்ளலும் இல்லை. இரண்டையும்விட மேலான ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக வள்ளியப்பன் எதற்கு ஏங்கினாரோ அதைவிடப் பெரிய சரக்கு, விலையில்லாமல், வண்டியோடு வந்து வாசலில் இறங்கியது. ஆனால் வண்டி முகவரி மாறி வந்திருக்கிறது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கும், வாசலில் தட்டோடு நின்ற சிட்டாளுக்கும்.

"பிள்ள," என்றார் எட்வர்ட், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் ஐஸ் மேல வரல. உங்க அப்பச்சி வரட்டும். இந்த ரீலு, இந்த வாத்து எல்லாம் அவரே எடுத்துக்கட்டும். நான் கரையில பிளாஸ்க்கப் புடிச்சிக்கிட்டு உக்காந்துக்கிறேன். எனக்கு அது போதும்."

இப்போது வள்ளியப்பன் கையை நீட்டினால் போதும். மகளின் கண்ணீரும் அவருக்கு, முக்காலியும் அவருக்கு. வாழ்க்கையில் ஒரு பேரத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய லாபம் அவருக்குக் கிடைத்ததில்லை. நாக்கு நுனிவரை "சரி" வந்துவிட்டது. வந்ததை விழுங்கினார். கள்ளத் தராசில் ஒரு தடவை நிறுத்துவிட்டார். அதே தராசில் இரண்டாம் தடவை நிறுக்க, வட்டிக்கடைக்காரரின் பேரனுக்கே கை வரவில்லை.

"சுத்துறது உங்க ரீலு," என்றார். "நீங்களே போங்க."

"சம்பந்தி…"

"போங்கன்னு சொல்றேன்ல லா! போட்டின்னா போட்டி. பேசுன பேச்சு மாறக்கூடாது."

எட்வர்ட் அவரைக் கட்டிப்பிடித்தார். லோரி வந்து மோதியதுபோல இருந்தது. அந்தப் பிடிக்குள்ளிருந்து வள்ளியப்பனின் கண் தன்னையறியாமல் மேசைமேலிருந்த சின்ன ரீலுக்கே போயிற்று. இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதுபோலவே அவருக்குத் தோன்றியது, சனியன்.

போகும்போது எட்வர்ட் வாசலில் திரும்பினார். "ஒண்ணு சொல்லட்டா சம்பந்தி? நேத்து வரைக்கும் என் மனசுல ஒரு இது. சம்பந்தம் வச்ச பொறவு மூணு ரீலு வாங்கிட்டேன். ஒவ்வொரு தடவையும், மத்தவங்களுக்கு அப்புற மாதிரி எனக்கு அள்ளி அப்பமாட்டேங்கிறீங்களேன்னு. ரெம்பாவ் வாத்தியாருக்குப் போடுறதுல பாதி. பொறாமதான், வேற என்னா! இப்பத்தானே தெரியுது, மனுஷன் எனக்குன்னு தனிக் கணக்கு வச்சிருக்காருன்னு." சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிப் போனார்.

வள்ளியப்பன் உம்பான் பெட்டிமேல் உட்கார்ந்தார். பின்பக்கம் சில்லென்று இருந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. சிட்டாள் பிஸ்கட் டின்னைத் திறந்து ஒன்றைக் கடித்தாள்.

"நல்லா சுட்டிருக்கா மரியகொரெட்டி."

"ம்."

"கணக்க நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?"

"நீயே சொல்லு."

"வரவுல மகளோட ஒரு அழுக. அப்பறம் சம்பந்தி ஒரு தரம் கட்டிப்புடிச்சது. ஒரு டின்னு பிஸ்கட்." இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். "செலவுல ஒரு கோப்ப மண்ணெண்ண. அரை டின்னு கிரீஸு. ஐஸ் மேல ஒரு முக்காலி."

"முக்காலிய நானாத்தான் குடுத்தேன்."

"அதனாலதான் செலவுல எழுதுறேன். பறிகொடுத்திருந்தா நஷ்டத்துல எழுதியிருப்பேன்." அவரைப் பார்த்தாள். "அப்பயும் கணக்கு நேராகல. எட்வர்ட் அண்ணனுக்கு ஒரு உண்ம பாக்கி நிக்குது. எப்பக் கட்டப்போறீங்க?"

வள்ளியப்பன் யோசித்தார். தொலைபேசியில் டிங் என்று ஒரு சத்தம். நிவேதிதா ஒரு படம் அனுப்பியிருந்தாள்: ஏரிக்கரையில் ஒரு மர பெஞ்சு, கீழே "அப்பச்சி சீட், நல்லா தெரியும்." பெஞ்சுக்கும் துளைக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் கண்ணால் அளந்தார். கொஞ்சம் தூரம்தான். எட்வர்டுக்கும் மகளுக்கும் நடுவில் அந்தத் தூரம்கூட இருக்காது.

"பின்லாந்துல கட்டுறேன்," என்றார். "ஐஸ் மேல வச்சு. அவரு சிரிச்சா சத்தம் தம்பினுக்குக் கேக்காது."

"அது வரைக்கும்?"

"வட்டி ஓடட்டும்."